வெள்ளை பூசாத கலயம்

போன சித்திரையில் ஒரு மத்தியானம், கடைக்குள் பாயை விரித்துக் கண்ணயர்ந்தவனை ‘டப்’ என்று ஒரு சத்தம் எழுப்பியது. எழுந்து பார்த்தால், மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் பாட்டிலின் மூடி பறந்துபோய் மைதா மூட்டை மேல் கிடக்கிறது. பாட்டில் வாயில் வெள்ளை நுரை வழிகிறது. காலையில் சி.டி.எச். ரோட்டோரம் சைக்கிளில் வைத்து விற்கிறவரிடம் வாங்கிய பதநீர். பாதியைக் குடித்துவிட்டு மீதியைப் பாட்டிலில் அடைத்து, பிரிட்ஜில் வைக்க மறந்து, ஓவனுக்குப் பக்கத்திலேயே வைத்தது நான்தான். கடைப் பையன் குனிந்து முகர்ந்தான்.

“அண்ணே, கள்ளு வாடை அடிக்குதே.”

அவனுக்கு அது கள் வாடை. எனக்கு அது ராத்திரி பிசைந்து மூடி வைத்த ரொட்டி மாவின் வாடை. நாற்பது வருஷமாகத் திருமுல்லைவாயிலில் பேக்கரி வைத்திருக்கிறேன்; அந்த வாடை இல்லாமல் எனக்குப் பொழுது விடிந்ததில்லை. ஆனால் அந்தப் பாட்டிலில் நான் ஈஸ்ட் போடவில்லை. விற்றவரும் போட்டிருக்கமாட்டார். அடியில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து கிடந்தது. தோற்றுப்போய்ப் படுத்திருக்கிற மாதிரி இருந்தது எனக்கு. என் தாத்தாவின் பாதி ஆயுசு அந்தச் சுண்ணாம்போடுதான் போயிற்று.

தாத்தா மரமேறி. எங்கள் பக்கத்தில் இந்தத் தொழில் செய்தவர்களைக் கிராமணி என்பார்கள். இன்றைக்கு அடுக்குமாடியும் லேத் பட்டறையுமாக இருக்கிற இந்த ஊரின் ஏரிக்கரைகளில் அன்றைக்கு வரிசையாகப் பனை. அதில் இருபத்தைந்து மரம் அவர் பொறுப்பு. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, இருபத்தைந்தும் ஏறி இறங்கவேண்டும். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி. பெட்டிக்குள் பாளை சீவுகிற அரிவாள், அதைத் தீட்ட மணல், பாளையை நசுக்க இடுக்கி. ஆண்பனைக்கு ஒரு இடுக்கி, பெண்பனைக்கு வேறு. காய் காய்ப்பது பெண்பனை மட்டும்தான். சாறு இரண்டும் தரும்.

அவர் சீவுவதை நான் சின்ன வயதில் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். மரத்தின் மேலே இல்லை. கீழே, ஒரு வெட்டிய பாளையை வைத்துக்கொண்டு என்னிடம் காட்டினார். நுனியை இடுக்கியால் நாலைந்து நாள் பதமாக நசுக்கவேண்டும். அப்புறம் சீவல். வெங்காயத் தோல் கனத்துக்குத்தான் போகவேண்டும். கனம் கூடினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், குறைந்தால் பழைய வெட்டு அடைத்துக்கொண்டு சொட்டாது. ஒரு பாளையை இப்படி மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே போவார்கள். சீவின வாயில் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கினால் ராத்திரி முழுக்கச் சொட்டும்.

கலயம் இரண்டு ஜாதி. உள்ளே சுண்ணாம்பு பூசினது வெள்ளைக் கலயம். பூசாதது வெறுங்கலயம். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. வெள்ளையில் விழுந்தால் பதநீர். வெறுங்கலயத்தில் விழுந்தால் விடிவதற்குள் கள். தாத்தா வெள்ளைக் கலயத்தைத் தினம் கழுவிக் காயவைத்து, பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழைத்து விரலால் உள்ளே ஒரு சுற்று இழுப்பார். வெறுங்கலயத்தைக் கழுவவே மாட்டார். என் அப்பா, நாங்கள் நைனா என்போம், சின்னப் பையனாக இருந்தபோது ஒரு தடவை உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு ஒன்றைத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டாராம். “மண்டியப் பூரா ஊத்திட்டியேடா பாவி” என்று தாத்தா தலையில் அடித்துக்கொண்டாராம்.

அந்த மண்டிதான் விஷயம். பேக்கரித் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்கு அது விளங்கிற்று. பனஞ்சாறு மரத்திலிருந்து விழும்போது நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. ஈஸ்ட்டுக்கு அது கல்யாணப் பந்தி. போன தடவைக் கள்ளின் மண்டி மண்கலயத்தின் நுண்துளைகளில் ஒளிந்திருக்கிறது, அதில் கோடிக்கணக்கான ஈஸ்ட். புதுச் சாறு விழ விழ அது விழித்துக்கொள்கிறது. சர்க்கரையை இரண்டாக உடைக்கிறது: ஒரு பாதி சாராயச் சத்து, மறுபாதி கரியமிலவாயு. ரொட்டிக்காரனுக்கு வேண்டியது வாயு, குடிக்கிறவனுக்கு வேண்டியது மற்றது. ஒரு நாளைக்குள் கள்ளில் நூற்றுக்கு நாலைந்து பங்கு சாராயச் சத்து ஏறிவிடும். ஈஸ்ட் தனியாக வேலை செய்வதுமில்லை. கூடவே பாக்டீரியாக் கூட்டம் ஒன்று புளிப்பை ஏற்றும். இரண்டு மூன்று நாள் விட்டால் வேறொரு பாக்டீரியா கூட்டம் வந்து சாராயச் சத்தைத் தின்று காடியாக்கிவிடும். ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகர் இதுதான். கேரளத்திலும் கோவாவிலும் இலங்கையிலும் கள்ளுக் காடி இன்றும் கடையில் கிடைக்கிறது.

சரி, முதல் மண்டி எங்கிருந்து வந்தது? புதுக் கலயத்துக்கு யார் விதை போட்டார்கள்? ஈ, தேனீ, குளவி. குளவியின் வயிற்றில் ஈஸ்ட் குளிர்காலம் முழுக்க உயிரோடு தங்குகிறது என்று 2012-இல் இத்தாலிக்காரர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். ஈஸ்ட் விடுகிற பழ வாசனையே ஈக்களைக் கூப்பிட்டுத் தன்னை இன்னொரு இடத்துக்குத் தூக்கிப்போக வைக்கத்தான் என்று அதற்கு இரண்டு வருஷம் கழித்து பெல்ஜியத்தில் காட்டினார்கள். தாத்தா கள் இறக்கினால் அதில் பத்துத் தேனீயாவது செத்து மிதக்கும். பனையின் பன்னாடையை எடுத்து அதில் வடிப்பார். மாணவர்களைத் தரம் பிரிக்கும் நன்னூல், நெய்யரி என்று ஒரு வகையைக் கடைசி வரிசையில் வைக்கிறது. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்கிற மக்கு மாணவன். அந்த நெய்யரிதான் பன்னாடை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னை அப்படித் திட்டும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். எங்கள் வீட்டில் பன்னாடை எவ்வளவு உருப்படியான சாமான் தெரியுமா? ஆனால் பன்னாடை பிடித்தது தேனீயை மட்டும்தான். தேனீ கொண்டுவந்ததைப் பிடிக்க அதனால் ஆகாது. ஈஸ்ட் ஒரு மில்லிமீட்டரை இருநூறாகப் பிரித்தால் ஒரு பங்கு.

சுண்ணாம்பு இந்தக் கூட்டத்தை எப்படி நிறுத்துகிறது? ஈஸ்ட்டுக்குப் புளிப்புப் பக்கம் பிடிக்கும், காரப் பக்கம் ஆகாது. சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்கி அதைச் செயலிழக்கச் செய்கிறது. கொல்வதில்லை என்பது முக்கியம், நிறுத்தி வைக்கிறது. காற்றிலுள்ள கரியமிலவாயு பட்டுச் சுண்ணாம்பு மெல்ல மெல்ல சுண்ணக்கல்லாகி அடியில் இறங்கும். காரம் தணியும். அப்புறம் யாரோ ஒருவன் கண் விழிப்பான். அவன் மூச்சுவிடுவதும் கரியமிலவாயுதான், அது மிச்சச் சுண்ணாம்பையும் கீழே தள்ளும். என் பாட்டிலில் நடந்தது இதுதான். காலையில் பதநீர், மத்தியானம் மூடி பறந்த கள். நடுவில் எந்த மனிதனும் எதுவும் செய்யவில்லை.

செய்யாத காரியத்துக்குத்தான் நூற்றைம்பது வருஷமாகச் சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டத்துக்கு முந்தின கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் தாண்ட மனசில்லை. எங்கள் ஊர்க் கோயில் மாசிலாமணீசுவரர் கோயில். தொண்டைமான் ஒருவன் புழல் கோட்டைக் குறும்பரோடு சண்டைக்குப் போகையில் யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கிக்கொண்டது, கொடியை வெட்டினான், வாள் லிங்கத்தில் பட்டு ரத்தம் வந்தது என்பது தலபுராணம். குறும்பர் கோட்டையிலிருந்து அவன் கொண்டுவந்ததாகச் சொல்லும் எருக்கந்தூண் இரண்டு இன்னும் சந்நிதியில் நிற்கிறது. வெட்டுப்பட்ட லிங்கத்துக்கு வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தையொட்டித்தான் அதைக் களைவார்கள். பாளை நன்றாகச் சொட்டுகிற பருவம் அது. அன்றைக்கு ஒரு வேளை மட்டும் தாத்தா மரம் ஏறமாட்டார். மறுவேளை ஏறியாகவேண்டும். சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும், அதற்குமேல் சாமிக்கே லீவு கிடையாது என்பார்.

இன்னொரு தொண்டைமான் பத்துப்பாட்டில் இருக்கிறான். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். அவனைப் பார்க்கப் போகும் வழியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் சொல்கிறார். வழியில் வலைஞர் குடியிருப்பில் அரிசியில் கள் சமைக்கிற விதத்தைப் படிக்கும்போது, ஒரு தொழிற்கூடத்துக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய தட்டில் ஆறவைத்து, ஒரு நல்ல அடையை அதில் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விட்டுப் பச்சை வாடை போனதும் விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். அந்த அடை எப்படி இருந்ததாம்? பாம்பு குடியிருக்கும் புற்றுக்குள் கறையான் கட்டுகிற குரும்பியைப் போல. முளைகட்டிய நெல்லில் செய்த அடை என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். இந்த உவமையைச் சொன்ன மனுஷன் அந்த அடையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. புற்றுக்குள் கறையான் வளர்க்கிற குரும்பியும் பூஞ்சைத் தோட்டம்தான். பூத்துப்போன அடையைப் பார்த்தவனுக்குத்தான் அது தோன்றும்.

எதற்கு அரிசிக்கு இத்தனை பாடு? அரிசியில் இருப்பது மாவு. ஈஸ்ட்டுக்கு மாவைக் கடிக்கப் பல் இல்லை. முளையோ பூஞ்சையோ அதைச் சர்க்கரையாக்கிக் கொடுத்தால்தான் சாப்பிடும். பனையில் அந்த வேலை மரத்திலேயே முடிந்துவிடுகிறது. அதனால் பனங்கள்ளுக்குச் சமையல் குறிப்பே கிடையாது. கலயத்தைக் கட்டு, இறங்கி வா, அவ்வளவுதான். அதே பாட்டில் பட்டினத்துப் பெண்கள் கள் சமைத்த பாத்திரம் கழுவின தண்ணீர் ஓடிச் சேறாகி, அதில் பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன. தொண்டை நாட்டில் இது ஒளிவுமறைவான தொழிலாக இருந்ததில்லை. திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது என்பதும் உண்மை. ஒரே மொழி இரண்டையும் பேசிற்று.

வெள்ளைக்காரன் வந்து இதைக் கணக்கில் எழுதினான். 1886-இல் மெட்ராஸ் ஆப்காரி சட்டம், அதாவது கள் சாராய வரிச் சட்டம், வந்தது. அதில் கள் என்பதற்கு எழுதி வைத்த விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பனையோ தென்னையோ ஈச்சமோ, அதிலிருந்து இறக்கின சாறு புளித்திருந்தாலும் புளிக்காவிட்டாலும் கள்தான். அதாவது ஈஸ்ட் வந்து சேருவதற்கு முன்னாலேயே சாறு குற்றவாளிக் கூண்டில் ஏறியாயிற்று. பனைமரத்தின் கீழே பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். சர்க்காரும் அதையே சொல்லிவிட்டது. அதற்கு மூன்றே வருஷம் முன்னால், 1883-இல், கோபன்ஹேகனில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பவர் ஒற்றை ஈஸ்ட் உயிரைப் பிரித்தெடுத்துத் தனியாக வளர்த்துக் காட்டியிருந்தார். அங்கே பீர்க் கம்பெனிகள் காட்டு ஈஸ்ட்டைத் துரத்திவிட்டு வளர்ப்பு ஈஸ்ட்டுக்கு மாறின. இங்கே காட்டு ஈஸ்ட்டை அப்படியே விட்டுவிட்டு, அது வேலை செய்த மரத்துக்கு வரி போட்டார்கள்.

அதுதான் மரவரி. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வரி கட்டவேண்டும். கட்டின மரத்துக்கு நம்பர். உப்பு, ஆப்காரி, சுங்கம் எல்லாம் ஒரே இலாகாவின் கையில். பதநீர் இறக்க விரும்புகிறவன் வரியிலிருந்து தப்ப ஒரே வழி, கலயத்தில் சுண்ணாம்பு. இலாகா சேவகன் மரத்தடியில் நின்று கலயத்தை இறக்கச் சொல்லி விரல்விட்டுப் பார்ப்பானாம். விரலில் வெள்ளை ஒட்டினால் வெல்லத் தொழில், ஒட்டாவிட்டால் ஆப்காரி. காய்ச்சி இறக்குகிற சாராயத்துக்கு வேறு கணக்கு, வேறு குத்தகை. அதில் வெள்வேலம்பட்டை போடுவார்கள், பட்டைச் சாராயம் என்ற பெயர் அதனால்தான் வந்தது. பக்கத்துத் திருவேற்காட்டில் அதே வெள்வேலம்தான் தலமரம். முல்லை ஒரு ஊருக்கு, வேலம் ஒரு ஊருக்கு. செய்யாறு பக்கம் திருப்பனங்காட்டில் பனையே தலமரம். எங்கள் மண்டலத்துச் சாமிகளுக்கு மரத்தை விட்டு இருக்க முடியாது.

இனிமேல் வருவது எல்லாருக்கும் தெரிந்த கதை, அதனால் வேகமாகப் போகிறேன். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். பெரியார் தன் தோப்பிலிருந்த தென்னைகளை நூற்றுக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார். 1929-இல் ராஜாஜி மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார், கல்கி அதில் உடன் இருந்தார். கடல் தாண்டிப் போன நம் ஜனங்களுக்கும் இதே வழக்குத்தான். மலாயாவில் தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை வைத்திருந்தார்கள். 1941-இல் கிள்ளானில் தமிழ்த் தொழிலாளிகள் செய்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை.

என்னை நிற்க வைப்பவர் ம.பொ.சி. 1906-இல் ஆயிரம் விளக்குப் பக்கம் சால்வன்குப்பத்தில், கள் இறக்கின குலத்திலேயே பிறந்தவர். காங்கிரஸில் சேர்ந்து தன் சொந்த ஜனங்களிடமே போய்க் கள்ளுத் தொழிலை விடச் சொன்னார். சாதியிலிருந்து தள்ளி வைத்தார்கள். எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொன்னால் இரண்டு பேச்சு நடக்கும். நைனாவுக்கு அவர் தலைவர். திருத்தணியை மீட்டவர், தமிழுக்கு உழைத்தவர். தாத்தா ஒன்றும் சொல்லாமல் அரிவாளைத் தீட்டுவார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. குடித்துக் குடும்பத்தைக் கெடுத்தவர்களை ம.பொ.சி. பார்த்தார். மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு ஒடிந்தவர்களைத் தாத்தா பார்த்தார், அவர்களுக்கு மாற்றுத் தொழில் கொடுக்க யாரும் வரவில்லை.

1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி தன் சொந்த ஜில்லாவான சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். சர்க்கார் வருமானத்தில் ஆப்காரி பெரிய தூண். அதைச் சாய்த்தால் கூரைக்கு வேறு முட்டு வேண்டும். 1939-இல் விற்பனை வரி போட்டார். பன்னுக்கும் ரஸ்க்குக்கும் நான் வரி கட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: கலயத்துக்குள் புளித்த ஈஸ்ட் கட்டின வரியைத்தான் இப்போது பில் போட்டு நான் கட்டுகிறேன். 1948 அக்டோபர் 2-ஆம் தேதி, ஓமந்தூரார் காலத்தில், மாகாணம் முழுக்க மதுவிலக்கு.

அதன்பின் தாத்தாவிடம் வெள்ளைக் கலயம் மட்டும்தான். ஆயா, அதாவது என் பாட்டி, பதநீரைக் காய்ச்சி வெல்லம் போடுவாள். காந்தியவாதிகள் பனைவெல்லத்தைப் பெரிதாகப் பேசின காலம் அது. மாதவரத்தில் பனைவெல்லத்துக்கென்றே மத்திய நிறுவனம் ஒன்றும் பிற்பாடு இருந்தது. சுண்ணாம்பு கலந்த பதநீரைக் காய்ச்சினால் வெல்லம் கருத்துக் கசக்கும், அதை எப்படிப் பிரிப்பது என்று அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். ஆயா அங்கெல்லாம் போனதில்லை. பானை தெளிகிற வரைக்கும் காத்திருந்து மேலாக இறுத்துக்கொள்வாள்.

ஒரு நாள் என்ன ஆயிற்று என்று நைனா சொல்லியிருக்கிறார். ஐம்பதுகளில் ஒரு வைகாசி. தாத்தா இறக்கின கலயம் ஒன்று வெயிலில் நுரைத்துவிட்டது. சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர் முகர்ந்து பார்த்தார். “இன்னாடா போட்ட இதுல?” என்று கேட்டார்.

“ஒண்ணும் போடல சாமி. சுண்ணாம்பு மட்டும்தான் போட்டேன்.”

“ஒண்ணும் போடாமயா நுரைக்குது?”

பன்னிரண்டு கலயத்தையும் கல்லில் போட்டு உடைத்தார்கள். வெள்ளை பூசினவை, நுரைக்காதவை எல்லாமே. தாத்தாவுக்குக் கேஸ் இல்லை, எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தனக்குத் தெரியவில்லையே என்பதுதான் அவரைக் கடைசிவரைக்கும் உறுத்தியது. “புளிக்கறது என் கையிலயா இருக்குது?” என்று ராத்திரியில் படுத்துக்கொண்டு கேட்பாராம். அதிகாரிக்கும் தெரிந்திருக்காது. 1837-லேயே ஐரோப்பாவில் ஈஸ்ட் ஓர் உயிர் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஏரிக்கரை வரைக்கும் சேதி வரவில்லை.

நைனா மரம் ஏறவில்லை. அம்பத்தூரில் ஒரு சைக்கிள் கம்பெனியில் சேர்ந்தார். ஆவடியில் டாங்கி தொழிற்சாலை, 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று சுற்றிலும் சங்கு ஊதத் தொடங்கியதும், ஏரிக்கரைப் பையன்கள் ஒவ்வொருவராக ஷிப்டுக்குப் போனார்கள். பனைகள் செங்கல் சூளைக்கும் வீட்டு உத்தரத்துக்கும் போயின.

1971-இல் மதுவிலக்கைத் தளர்த்திக் கள்ளுக்கடை திறந்தார்கள். எனக்குப் பதினாலு வயசு. ஆயா என் கையில் பித்தளை டம்ளரைக் கொடுத்தாள்.

“போயி அர டம்ளர் வாங்கியா. கேட்டா ஆப்பத்துக்குன்னு சொல்லு.”

சொன்னேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, “உங்க ஆயா தெனம் ஆப்பமா சுடுது?” என்று கேட்டுக்கொண்டே ஊற்றினார். உண்மையிலேயே ஆப்பத்துக்குத்தான். ஊறின பச்சரிசியை ஆட்டி, ஒரு பிடி சோறும் தேங்காயும் சேர்த்து, விளக்கு வைத்த பிறகு அந்தக் கள்ளை ஊற்றிக் கலக்கி மூடி வைத்தாள். விடிகாலையில் தட்டு மேலெழும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஆப்பம் ஓரத்தில் லேஸ் மாதிரி, நடுவில் பஞ்சு, வாயில் போட்டால் ஒரு துளிப் புளிப்பு. இருபத்து மூன்று வருஷம் ஆப்பச்சோடா போட்டுச் சுட்டதை ஆயா ஆப்பம் என்றே ஒப்புக்கொண்டதில்லை. 1974-இல் மறுபடி மதுவிலக்கு, 1981-இல் மறுபடி திறப்பு. 1987 ஜனவரி 1 முதல் கள் மட்டும் மூடினது மூடினதுதான். 1983-இலேயே டாஸ்மாக் பிறந்தாயிற்று. ஆலையில் காய்ச்சினதை அரசாங்கமே விற்கிறது, மரத்தில் தானாக ஊறுவது குற்றம். இதில் நியாயம் என்ன என்று எத்தனையோ பேர் கேட்டாயிற்று, நானும் கேட்கிறேன். 1978-இல் பனையை மாநில மரமாக அறிவித்தது வேறு இருக்கிறது.

நான் தொழில் கற்றது பெரம்பூரில். எனக்குச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, தன் சின்ன வயசில் கள் ஊற்றி ரொட்டி மாவு பிசைந்தவர். அந்தக் காலத்து மெட்ராஸில் அதுதான் வழக்கம். துரை வீட்டு மேஜையில் வைத்த ரொட்டியும் மரமேறியின் கலயத்திலிருந்து உப்பினதுதான். நான் சேரும்போது காகிதம் சுற்றின ஈஸ்ட் கட்டி வந்துவிட்டது. இப்போது மணல் மாதிரி பாக்கெட் ஈஸ்ட். கள்ளில் முக்கியமாக வேலை செய்கிற அதே சாக்ரோமைசிஸ் செரிவிசியே இனம்தான் பாக்கெட்டுக்குள்ளும் இருக்கிறது. 1996-இல் அதன் மரபணு முழுவதையும், ஏறக்குறைய ஆறாயிரம் மரபணுக்கள், படித்து முடித்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் மாவு தயார். தினம் ஒரே உயரம், ஒரே வாசனை. வியாபாரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மேஸ்திரி மட்டும் ரொட்டியைப் பிய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, “வாசனையே இல்லியேப்பா” என்பார்.

2017-இல் தென்னையில் நீரா, அதாவது புளிக்காத சாறு, இறக்க அனுமதித்தார்கள். காசர்கோட்டு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் அதற்குப் பனிக்கட்டி வைத்த ஒரு பெட்டி செய்திருக்கிறார்கள். பாளையில் அதை மாட்டிவிட்டால் சாறு குளிரிலேயே சொட்டும், சுண்ணாம்பு வேண்டாம். தாத்தா அதைப் பார்த்திருந்தால் ஒரு பத்துத் தடவை திறந்து மூடியிருப்பார். கொல்லாமல் தூங்க வைப்பதில் ஐஸும் சுண்ணாம்பும் ஒன்றுதான்.

அன்றைக்கு மூடி பறந்த பாட்டிலில் கால் லிட்டர் மிச்சம் இருந்தது. கொட்ட மனசு வரவில்லை. ராத்திரி கடையைச் சாத்தும் முன், அரைக் கிலோ மைதாவில் அடி மண்டி கலங்காமல் அதை ஊற்றி, உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து, ஈரத்துணி மூடி வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், கல் மாதிரி கிடந்தது. பாக்கெட் ஈஸ்ட் என்றால் இதற்குள் பாத்திரத்தைத் தாண்டியிருக்கும். படுத்துவிட்டேன். காலை நாலரைக்கு எழுந்து விளக்கைப் போட்டால் துணி நடுவில் தொப்பை போட்டிருக்கிறது. விரலால் அழுத்தினேன், பள்ளம் மெதுவாக எழும்பி வந்தது. எட்டு பன் வந்தது. உயரம் கம்மி, ஒன்று கோணல், மேல்தோல் கொஞ்சம் தடிப்பு. கடை முழுக்கப் பழ வாசனை.

கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. கோணல் பன்னைப் பிய்த்துப் பாதியைப் பையனிடம் கொடுத்தேன். தின்றுகொண்டே நின்றவன், இன்னொரு பாதிக்கும் கையை நீட்டினான்.

“இன்னாண்ணே போட்ட இதுல?”

“ஒண்ணும் போடலடா” என்றேன்.